இலவசமாகக் கிடைக்கும் படத்துக்கு ஏன் காசு? கறுப்பு வெள்ளை இயற்கைக்காட்சிப் படங்களைச் சேகரிக்க நினைப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். ஸ்நேக் ஆறு வளைந்து நெளிந்து போகிறது. பின்னால் பனி படர்ந்த டீட்டன் மலைத்தொடர். மேலே கனத்த மேகம், இடையிடையே வெளிச்சம்.

புகைப்படக் கலைஞர் ஏன்சல் ஆடம்ஸ் 1942ஆம் ஆண்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. தேசியப் பூங்காக்களைக் கவனித்துக்கொள்ளும் அரசாங்கத் துறைக்காக எடுத்ததால் அதற்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு கிடையாது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்திலிருந்து நீங்களே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். பத்துக் காசுகூடக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் 2020 டிசம்பரில் ஸோத்பீஸ் ஏலத்தில் அதே படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்று 988,000 அமெரிக்க டாலருக்கு விலைபோனது.

"போன்ல சும்மா கிடைக்குற படத்துக்கு ஒரு மில்லியனா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், கடையிலோ கண்காட்சியிலோ சில நூறு வெள்ளிக்கு ஒரு படம் வாங்கும்போதும் ஏமாறமாட்டீர்கள்.

நீங்கள் வாங்குவது என்ன?

சுருக்கமான பதில்: நீங்கள் காட்சியை வாங்கவில்லை. ஒரு பொருளை வாங்குகிறீர்கள்.

அந்தப் பொருளுக்குப் பெயர் பிரிண்ட். அது எந்தக் காகிதத்தில், யார் கையால், எந்த ஆண்டில், எத்தனை பிரதிகளில் ஒன்றாக உருவானது? இந்த நான்கும்தான் விலையை முடிவுசெய்கின்றன. படம் அழகாக இருப்பது ஐந்தாவது விஷயம். சேகரிப்பாளர்களுக்கு அது முதல் விஷயம். ஆனால் விலைச்சீட்டில் அது மட்டும் எழுதப்படுவதில்லை.

பழைய முறையில் கறுப்பு வெள்ளைப் படம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். வெளிச்சம் பட்டால் மாறும் வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து காகிதத்தின்மேல் பூசியிருப்பார்கள். இருட்டறையில் நெகட்டிவ் வழியாக அதன்மீது ஒளியைப் பாய்ச்சுவார்கள். பிறகு ரசாயனக் கரைசலில் நனைப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் உப்பு, நுண்ணிய உலோக வெள்ளியாக மாறும். அந்தத் துகள்கள்தான் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகின்றன.

ஆக, கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாக இருப்பதுதான் நிஜமான வெள்ளி! இதைத்தான் 'சில்வர் ஜெலட்டின் பிரிண்ட்' என்கிறார்கள்.

ஒரே நெகட்டிவ், வெவ்வேறு வானம்

ஆடம்ஸின் ஆகப் பிரபலமான படம் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ'. 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை, காரில் போய்க்கொண்டிருந்தபோது அவர் அந்தக் காட்சியைப் பார்த்தார். சிறிய கிராமம். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மீது சாயும் வெயில். மேலே நிலா.

அவசரத்தில் ஒளியை அளக்கும் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

கதை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அந்த நெகட்டிவிலிருந்து நல்ல பிரிண்ட் எடுப்பது படாதபாடாக இருந்தது. ஒரு பகுதிக்கு ஒளி படாமல் கையாலும் அட்டையாலும் மறைக்க வேண்டும். இன்னொரு பகுதிக்குக் கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும். 1948ஆம் ஆண்டில் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தால் அழுத்தமாக்கினார். தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மெல்லிய மேகங்களும் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு.

ஆடம்ஸ் இளமையில் பியானோ கலைஞராக வர ஆசைப்பட்டவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்று அவர் ஒப்பிடுவதுண்டு. நமக்குச் சொல்வதென்றால், கீர்த்தனை ஒன்றுதான். இன்றைக்கு மேடையில் பாடியது வேறு, பத்து வருஷம் கழித்துப் பாடியது வேறு. சேகரிப்பாளர் வாங்குவது அந்தக் குறிப்பிட்ட கச்சேரியை.

எண்ணிக்கை ஏன் முக்கியம்?

நெகட்டிவ் இருக்கும்வரை பிரிண்ட் போட்டுக்கொண்டே இருக்கலாம். ஓவியத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனால் புகைப்படக் கலைஞர்கள் ஆளுக்கொரு வழியைப் பின்பற்றுகிறார்கள்.

ஆடம்ஸ் பெரும்பாலும் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. 'மூன்ரைஸ்' பிரிண்டுகள் மட்டுமே ஆயிரத்துக்கும் அதிகம் இருக்கும் என்று கணக்கிடப்படுகிறது. இருந்தாலும் 2006இல் அவற்றில் ஒன்று 609,600 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அரிதாக இருந்தால்தான் விலை என்ற நினைப்பு முழு உண்மையல்ல.

பிரிட்டனில் பிறந்த மைக்கல் கென்னா வேறு மாதிரி. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பனி, ஒற்றை மரம், வேலி என்று அமைதியான படங்களை எடுத்தவர். பல ஆண்டுகளாக ஒரு படத்துக்கு 45 பிரிண்டுகள் என்று வரம்பு வைத்திருந்தார். அளவும் சிறியது. பக்கத்துக்குச் சுமார் 20 செண்டிமீட்டர்தான். நீங்கள் கிட்டப் போய் நின்று பார்க்க வேண்டும்.

பிரட் வெஸ்டன் கதை இன்னும் தீவிரம். தம் நெகட்டிவிலிருந்து வேறு யாரும் பிரிண்ட் போடக்கூடாது என்பது அவர் பிடிவாதம். 1991ஆம் ஆண்டு, தமது 80ஆவது பிறந்தநாளில், நெகட்டிவ்களைத் தீயில் போட்டார்.

அவருடைய தந்தை எட்வர்ட் வெஸ்டனோ நேர்மாறு. தம் நெகட்டிவ்களிலிருந்து பிரிண்ட் போடும் பொறுப்பை இன்னொரு மகன் கோல் வெஸ்டனிடம் கொடுத்தார். கோல் போட்ட பிரிண்டுகளின் விலை, தந்தை தம் கையால் போட்டவற்றின் விலையைவிட மிகக் குறைவு. காட்சி ஒன்று. நெகட்டிவ் ஒன்று. கைதான் வேறு.

'லிமிடெட் எடிஷன்' என்றால் கடைசிவரை அவ்வளவுதானா?

கொஞ்சம் பொறுங்க. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

பிரிண்டில் '12/45' என்று எழுதியிருந்தால், 45 பிரதிகளில் இது 12ஆவது என்று பொருள். ஆனால் அந்த 45 எந்த அளவுக்கு? சிறிய அளவில் 45, பெரிய அளவில் இன்னொரு 10, கலைஞருக்கென ஒதுக்கிய சில பிரதிகள் என்று மொத்தம் கூடிக்கொண்டே போகலாம்.

இது நீதிமன்றம்வரை போன விவகாரம். அமெரிக்க வண்ணப்பட மேதை வில்லியம் எகிள்ஸ்டன், முன்பு குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட சில படங்களைப் பிறகு டிஜிட்டல் முறையில் பெரிய அளவில் புதிதாக அச்சிட்டு விற்றார். பழைய பிரிண்டுகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் 2012இல் வழக்குத் தொடுத்தார். தம்மிடம் இருப்பவற்றின் மதிப்பு குறைந்துவிட்டது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அளவும் செய்முறையும் வேறாக இருந்ததால் அது புதிய பதிப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆகவே வாங்கும்முன் கேளுங்கள்: "எல்லா அளவையும் சேர்த்து மொத்தம் எத்தனை? இனிமேல் வேறு அளவில் வருமா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலைச்சீட்டில் வரும் சொற்கள்

- விண்டேஜ் பிரிண்ட்: படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள் கலைஞரோ அவர் மேற்பார்வையிலோ போட்டது. பொதுவாக இதற்குத்தான் விலை அதிகம்.
- பிற்காலப் பிரிண்ட்: அதே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் கழித்துப் போட்டது. கலைஞரின் கையெழுத்து இருக்கலாம்.
- மறைவுக்குப் பிந்திய பிரிண்ட்: கலைஞர் காலமான பிறகு குடும்பமோ அறநிறுவனமோ வெளியிடுவது.
- ஃபைபர் காகிதம்: பிளாஸ்டிக் பூச்சு இல்லாத கனமான காகிதம். சரியாகக் கழுவி உலர்த்தினால் நெடுங்காலம் தாங்கும். சேகரிப்பாளர்கள் அதிகம் விரும்புவது இதையே.
- பிளாட்டினம் பிரிண்ட்: வெள்ளிக்குப் பதில் பிளாட்டினம் சேர்த்துச் செய்வது. மென்மையான சாம்பல் சாயல்கள் கிடைக்கும். விலையும் கூடுதல்.
- பிக்மெண்ட் பிரிண்ட்: தரமான மையும் காகிதமும் கொண்டு இங்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிடுவது. இது போலி இல்லை. இன்றைய கலைஞர்கள் பலர் இப்படித்தான் வெளியிடுகிறார்கள்.
- போஸ்டர்: அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடிப்பது. சுவருக்கு அழகு. ஆனால் பெரும்பாலும் சேகரிப்பு மதிப்பு கிடையாது.

அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சிறிய பூதக்கண்ணாடி போதும், பாதி வேலை முடிந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. சில்வர் ஜெலட்டின் பிரிண்டில் அப்படி வராது. ஒரு சாயல் இன்னொன்றில் புள்ளியே இல்லாமல் கரையும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. ஏறக்குறைய 1950களிலிருந்து புகைப்படக் காகிதத்தைப் பளிச்சென்று காட்ட ஒருவகை வெண்மையூட்டி சேர்க்கப்பட்டது. புற ஊதா ஒளியில் அந்தக் காகிதம் நீலவெள்ளையாக ஒளிரும். 1930ஆம் ஆண்டுப் பிரிண்ட் என்று சொல்லி விற்பது ஒளிர்ந்தால், எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம்.

1990களின் கடைசியில் அப்படித்தான் ஒரு பெரிய சர்ச்சை வெடித்தது. குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற லூயிஸ் ஹைன் 1940இல் காலமானார். அவரே போட்டவை என்று விற்கப்பட்ட பல பிரிண்டுகளைச் சோதித்தபோது, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு தயாரான காகிதம் என்று தெரியவந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒளிராத காகிதம் எல்லாம் பழையது என்று ஆகிவிடாது. பெரிய தொகை கொடுப்பதானால் நிபுணரிடம் காட்டுங்கள். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, எவ்வளவு காசு வேணும்?

மில்லியன் கணக்கு நமக்கு வேண்டாம். தொடங்க இவ்வளவு வழிகள் உண்டு:

இலவசம்: ஆடம்ஸ் அமெரிக்க அரசாங்கத்துக்காக எடுத்த 200க்கும் மேற்பட்ட படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பதிவிறக்கிப் பாருங்கள், அச்சிட்டு மாட்டுங்கள். உங்கள் ரசனை எந்தப் பக்கம் போகிறது என்பது புரியும்.

படத்தொகுப்பு நூல்கள்: நன்றாக அச்சிட்ட நூல் ஒன்று நூறு பிரிண்டுகளைப் பார்க்கவைக்கும். நூலகத்திலும் கிடைக்கும்.

சில நூறு டாலர்: யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஏன்சல் ஆடம்ஸ் கலைக்கூடம், அவருடைய அசல் நெகட்டிவ்களிலிருந்து கையால் போடும் பிரிண்டுகளை விற்கிறது. 1975லிருந்து அவற்றைப் போட்டுவருபவர், ஆடம்ஸின் உதவியாளராக இருந்த ஏலன் ராஸ். அவற்றில் ஆடம்ஸின் கையெழுத்து இருக்காது. ஆனால் வெள்ளி உண்டு, அசல் நெகட்டிவ் உண்டு.

உள்ளூர்க் கலைஞர்கள்: சிங்கப்பூர் அனைத்துலகப் புகைப்பட விழா 2008இல் தொடங்கியது. அதுபோன்ற விழாக்களிலும் மாணவர் கண்காட்சிகளிலும் கலைஞரையே நேரில் சந்திக்கலாம். எப்படி அச்சிட்டீர்கள், எத்தனை பிரதி என்று அவரிடமே கேட்கலாம். இதைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 1,000 வெள்ளிப் பிரிண்டுக்கு அனுப்பும் செலவும் காப்புறுதியும் 100 வெள்ளி என்றால், 1,100 வெள்ளிக்கு வரி 99 வெள்ளி. 400 வெள்ளிக்கு உட்பட்டவற்றுக்கும் பதிவுபெற்ற விற்பனையாளர்கள் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுவார்கள்.

ஏலத்தில் வாங்குவோருக்கு இன்னொரு செலவு: சுத்தியல் தட்டிய விலைக்குமேல் ஏல நிறுவனம் தனியாகக் கட்டணம் வாங்கும். அது விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதும் சகஜம்.

வாங்கிட்டீங்க. நம்ம ஊரு தாங்குமா?

பிரிண்டுக்குப் பெரிய எதிரி திருடன் இல்லை, நம் வானிலைதான்.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பூஞ்சணத்துக்கு அது விருந்து. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்து அதிகம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல்! பிரிண்டுகளுக்கு உகந்தது 30 முதல் 50 விழுக்காடு. அதற்காக வீவக வீட்டை அரும்பொருளகமாக மாற்ற வேண்டியதில்லை. இவற்றைச் செய்தாலே போதும்:

- கண்ணாடிச் சட்டத்தில் பிரிண்ட் கண்ணாடியைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரத்தில் ஜெலட்டின் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மவுண்ட் அட்டை வையுங்கள்.
- அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். மலிவான அட்டையிலிருக்கும் அமிலம் காகிதத்தை மஞ்சளாக்கிவிடும்.
- ஒட்டுநாடாவைப் பிரிண்டின்மேல் ஒட்டவே கூடாது. மூலைகளைப் பிடிக்கும் காகிதச் செருகிகள் கிடைக்கும்.
- மழைச்சாரல் படும் வெளிச்சுவர், குளியலறைச் சுவர், நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கூடுதல் பாதுகாப்பு.
- இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் புழுக்கம் என்று மாறி மாறி இருப்பது காகிதத்தைச் சுருங்கி விரியவைக்கும். படுக்கையறையைவிடக் கூடத்தின் உள்சுவர் நல்லது.
- மாட்டாத பிரிண்டுகளை, கேமரா வைத்திருப்போர் பயன்படுத்தும் ஈரம் உறிஞ்சும் அலமாரியில் வைக்கலாம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள்.
- தொடும்முன் கையைக் கழுவித் துடையுங்கள். விரல்ரேகை வெள்ளியில் நிரந்தரக் கறையாகலாம்.

இது முதலீடா?

அப்படி நினைத்து இறங்க வேண்டாம். செய்தியில் வருவது விலை ஏறிய படங்கள் மட்டும்தான். ஏறாத ஆயிரக்கணக்கான படங்கள் செய்தியாவதில்லை. கடையில் வாங்கிய விலைக்கே திரும்ப விற்பதுகூடக் கடினம். வாங்க ஆள் கிடைக்க மாதக்கணக்காகலாம்.

இன்னொன்று: பிரிண்ட் உங்களுடையது, பதிப்புரிமை உங்களுடையது அல்ல. அதை நகலெடுத்து விற்கவோ டி-சட்டையில் அச்சிட்டு விற்கவோ முடியாது.

பிறகு எதற்காகச் சேகரிப்பது?

ஹொக்கைடோவில் குஷாரோ ஏரிக்கரையில் சாய்ந்து நின்ற ஒரு மரத்தை மைக்கல் கென்னா பலமுறை படமெடுத்தார். அந்த மரம் இப்போது இல்லை, வெட்டப்பட்டுவிட்டது. பியே நகரில் 'தத்துவஞானி மரம்' என்று பெயர்பெற்ற இன்னொரு மரமும் 2016இல் சாய்க்கப்பட்டது. மரம் நின்ற இடத்துக்கு இன்று போனால் வெறும் நிலம்தான். காகிதத்தில் மரம் இன்னும் நிற்கிறது.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. ஜி.ஆர். லேம்பர்ட் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் கடற்கரையையும் ஆற்றையும் தோட்டங்களையும் படமெடுத்து விற்றது. சுற்றுப்பயணிகள் அன்று நினைவுப்பொருளாக வாங்கிப்போனவைதான் இன்று அரும்பொருளகங்களில் இருக்கின்றன. கலாசாரப் பதக்கம் பெற்ற இப் சியோங் ஃபன் எடுத்த கறுப்பு வெள்ளைக் கடல் காட்சிகளில் சம்பான்கள் விடியலில் போகின்றன. நிலமீட்பும் கட்டுமானமும் கரையையே நகர்த்திவிட்ட ஊரில், அந்தப் படங்களுக்கு அழகைத் தாண்டிய வேலை ஒன்று உண்டு.

அன்று அவற்றை யாரோ காசு கொடுத்து வாங்கி, பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று நாம் பார்க்கிறோம்.

முதல் பிரிண்ட் வாங்கப் போகும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் காகிதம்? யார் போட்டது? எப்போது? மொத்தம் எத்தனை? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால், ஐந்தாவதை உங்களிடமே கேளுங்கள்: பத்து வருஷம் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வருமா?

வரும் என்றால் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், முதலில் நல்ல சுவரைத் தேடுங்கள்.